ஹ இல்லாத பால்

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. இந்த நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவளுக்கும் மரியாதைக்கு ஒரு பிரதி போகட்டும் என்று அனுப்பியிருப்பீர்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து ஒருவரும் இரவல் வாங்காத புத்தகங்கள் என்று நானூறுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். கழித்துக்கட்டப் போகிறீர்கள். செய்யுங்கள். இடம் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனால் மூன்றாம் பக்கத்தில், கீழிருந்து ஆறாவது வரியில், அயர்லாந்தைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. பச்சைத் துணி அட்டை, முந்நூற்றுச் சொச்சம் பக்கம். இரவல் பூஜ்யம் என்று எதிரே போட்டிருக்கிறது. அந்தப் பூஜ்யத்தை நானும் ஒருமுறை நம்பினேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நூலகத்தைக் கவனித்துக்கொள்கிற உங்களில் பாதிப் பேர் வைட்ஃபீல்டிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வருகிறவர்கள். தொண்ணூற்றொன்றில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், அதுவும் வேறு ஊரில். அப்போது நம் நூலகம் மைசூர் ரோட்டுக்குச் சற்று உள்ளே, ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்திய கன்னியாஸ்திரீகள் வைத்துவிட்டுப் போன இடம். அவர்கள் ஊர் திரும்பியபோது ஒரு அலமாரி நிறையப் புத்தகத்தையும் விட்டுப் போனார்கள். மேலே சீட்டு ஒட்டியிருந்தது: சமயம், அயர்லாந்து, அரசியல்.

அந்த அலமாரியை நான் ஏழு வருடத்தில் ஒருநாளும் திறந்து படித்ததில்லை. நாங்கள் ஜீவனஹள்ளியில் மூன்று தலைமுறையாகப் பௌத்தக் குடும்பம். பாதிரிமார் கதை எனக்கு எதற்கு என்ற எண்ணம். அதனால் அந்த வருடக் கடைசியில், நூலகத்தை நடத்துகிற அறக்கட்டளையின் செயலாளர், “பெங்களூர்ல உட்கார்ந்து அயர்லாந்து சர்ச்சையும் சண்டையையும் படிச்சு யாருக்கு என்னம்மா ஆகப்போகுது?” என்று கேட்டபோது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையையும் புரட்டினேன். தேதி குத்துகிற சீட்டு எல்லாவற்றிலும் வெள்ளையாக இருந்தது. உள்ளே சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, சணல் கயிற்றால் கட்டி, சாமான் அறையில் அடுக்கினேன். பழைய பேப்பர்காரர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அரை நாள் வேலை. மிகத் திறமையாகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த டிசம்பர் அது. முதல் நாளே சில இடங்களில் கல்வீச்சு நடந்திருந்தது. ஆனாலும் நானும் அஞ்சலக்காவும் வேலைக்கு வந்தோம். அஞ்சலக்கா, முழுப் பெயர் அஞ்சலை, எங்கள் நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். இரண்டு பஸ் மாறி ஒன்றாகவே வருவோம். தமிழ் பேசுவார், பாய் கடையில் உருது பேசுவார். கன்னடமும் பேசுவார், ஆனால் அதில் ஹ என்ற எழுத்து மட்டும் அவர் வாயில் நிற்காது. பாலுக்குக் கன்னடத்தில் ஹாலு. அஞ்சலக்காவுக்கு அது ஆலு. பத்துக்கு ஹத்து. அவருக்கு அத்து. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்த திமிரில் நான் அவரைக் கிண்டல் செய்வேன். “போம்மா, ஆலு வெள்ளையா இருந்தா போதாதா, அதுக்கு ஹா வேற வெக்கணுமா?” என்பார்.

அன்று பதினொரு மணிக்கே வாசகர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மெயின் ரோட்டில் தமிழ்நாட்டு லாரி ஒன்று எரிவதாகச் சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கறுப்புப் புகை தெரிந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்.

அவரை நான் ஜன்னல் மேஜைக்காரர் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நாற்பது வயது இருக்கும். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. உறுப்பினர் அட்டை கிடையாது. வருவார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிப்பார், எழுந்து போவார். சட்டைப் பையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கன்னடக் கொடி பேட்ஜ் குத்தியிருப்பார். அந்த வாரம் அந்த பேட்ஜைப் பார்க்கும்போதெல்லாம் நான் அஞ்சலக்காவோடு தமிழில் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். இந்த ஆள் ஏன் இன்னும் போகாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்கிறாரோ என்றும் நினைத்தேன்.

அவர் அலமாரிக்கும் மேஜைக்குமாக இரண்டு தடவை நடந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“மேடம், ஆ ஹசிரு புஸ்தக எல்லி?”

பச்சைப் புத்தகம் எங்கே என்று கேட்கிறார். ஹ எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிற, இஸ்திரி போட்ட கன்னடம். எந்தப் பச்சைப் புத்தகம் என்றேன். அயர்லாந்து என்றார். அதை யாரும் படிப்பதில்லை, எடுத்துக் கட்டிவிட்டோம் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “ஏழு மாசமா நான் படிக்கிறேனே” என்றார், தன் அரைகுறைத் தமிழில். “இன்னும் நாப்பது பக்கம் இருக்கு.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரவல் வாங்கிப் போனால்தானே சீட்டில் தேதி விழும்? உட்கார்ந்து படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவருக்கு எந்தச் சீட்டில் குத்துவது? வாரத்தில் மூன்று நாள் என் கண் முன்னால் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார். நான் அவருடைய பேட்ஜைப் பார்த்தேன், கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. நூலக வேலைக்கு வந்தவள் செய்யக்கூடிய தவறா இது?

சாமான் அறைக்குப் போய்ப் புத்தகக் கட்டுகளை அவிழ்த்துத் தேட ஆரம்பித்தேன். அவர் வாசலில் நின்றார். நாலாவது கட்டில் புத்தகம் கிடைத்து அவரிடம் கொடுத்த நேரத்தில்தான் தெரு முனையில் கூச்சல் கேட்டது. அஞ்சலக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“இன்னாம்மா, இந்தப் பக்கமே வரானுங்க. கையில கட்டை. ஒருத்தன் கையில கேன் கீது.”

பிள்ளைகளே, அவசரத்தில் மூளை முதலில் எதைச் சொல்கிறதோ அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். தமிழ்ப் பத்திரிகைகளைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினேன். அது சரி. பிறகு அஞ்சலக்காவின் தோளைப் பிடித்துச் சாமான் அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டை எடுத்தேன். என் கன்னடம் தேறிவிடும், அவருடையது தேறாது. ஆளை ஒளித்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம். இதுதான் என் கணக்கு.

ஜன்னல் மேஜைக்காரர் பூட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“மேடம், முழுக்கக் காகிதம். ஆளை உள்ள வெச்சுப் பூட்டாதீங்க. அவங்க கையில சீமெண்ணெ இருக்கு.”

அவரை நம்புவதா கூடாதா என்று யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? இரண்டு மூச்சு இருக்கும். சட்டையில் அந்த பேட்ஜ். கையில் அந்தப் புத்தகம். நான் புத்தகத்தைப் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் அஞ்சலக்காவைத் தன் மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினோரு வருடமாக அந்த நாற்காலிகளைத் துடைத்தவர், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தார். துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாங்கி ஓரமாகச் சாய்த்தேன். சாத்தினால்தான் சந்தேகம் வரும், முன் கதவையும் சாத்த வேண்டாம் என்றார் அவர்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும், கழுத்தில் துண்டு. கெட்டவன் முகம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பான் போலிருந்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“இல்லி தமிளரு யாராதரூ இதாரா?” என்றான். இங்கே தமிழர் யாராவது இருக்கிறார்களா.

இது சிஸ்டர்களின் நூலகம் என்று கன்னடத்தில் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டையின் நுனியால் என் மேஜையைத் தட்டி, “ஹாலு. ஹேளு” என்றான். சொல், ஹாலு என்று சொல்.

“ஹாலு” என்றேன்.

அந்த ஹ மணி அடித்த மாதிரி சுத்தமாக வந்தது. வந்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தப்பித்தோம் என்ற சந்தோஷம். என் பின்னால் மூன்றடி தூரத்தில் அஞ்சலக்கா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தச் சந்தோஷம் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அவன் அஞ்சலக்காவின் பக்கம் திரும்பினான். “நீனு ஹேளம்மா.”

அஞ்சலக்கா என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துக் காட்டினேன். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, முழு மூச்சையும் திரட்டிச் சொன்னார்.

“ஆலு.”

பிறகு பின்னால் நின்ற ஒருவன் கத்தினான்: “ஒடி! ஒடி அவள்ன!” அடி அவளை. அஞ்சலக்கா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

ஜன்னல் மேஜைக்காரர் எழுந்து நின்றார். அவசரமே இல்லாமல் எழுந்தார். புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார். அவர் வாயிலிருந்து அடுத்து வந்தது இஸ்திரி போட்ட கன்னடம் இல்லை. அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“நம்மவ்வானு ஆலு அந்தாளெ” என்றார். எங்கள் அம்மாவும் ஆலு என்றுதான் சொல்வாள்.

துண்டு போட்டவன் அவருடைய பேட்ஜைப் பார்த்தான். “யாவூரு?” என்றான். எந்த ஊர்.

மண்டியா பக்கம் என்றார். ஊர் பேரையும் சொன்னார். அதற்கப்புறம் அவர் கன்னடத்தில் கொட்டியதன் சாரத்தைச் சொல்கிறேன். எந்தத் தண்ணிக்காகக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களோ, அந்தத் தண்ணி பாய்கிற வயல்காரர்கள் நாங்கள். எங்கள் ஊரில் ஒரு கிழவி வாயிலும் ஹ கிடையாது. ஆலுதான், அத்துதான். முதலில் போய் எங்கள் அம்மாவை அடியுங்கள். பிறகு இந்தம்மாவிடம் வாருங்கள்.

சொல்லிவிட்டுப் பின்னால் கத்தியவனைக் கையை நீட்டிக் காட்டினார். “இவன் ஈக ஏனந்த? ஹொடி அந்தனா, ஒடி அந்தனா?”

இவன் இப்போது என்ன சொன்னான்? கன்னடப் பாடப் புத்தகத்தில் அடி என்பதற்கு ஹொடி. அவன் கத்தியது ஒடி. அடிக்கச் சொன்ன வாயிலும் ஹ இல்லை.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்து சொல்லிப் பார்க்கப் பயந்த மாதிரி நின்றான். யாரோ ஒருவன் பொறுக்கமுடியாமல் சிரித்துவிட்டான். துண்டு போட்டவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் ஒரு போடு போட்டான். சில்லு என் மேஜை வரைக்கும் தெறித்தது. “நடீரோ”, நடங்கடா என்று மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். போகும்போது கேனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது வேறு எங்கே கவிழ்க்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அன்று ஊரில் பல வீடுகள் எரிந்தன, எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் எழுந்து நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது அழகான கதையாகிவிடும்.

அவர் உட்கார்ந்தார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். அஞ்சலக்கா எழுந்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். அப்புறம் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லைப் பெருக்க ஆரம்பித்தார். “உக்காருங்கக்கா” என்றேன். “சும்மா உக்காந்தா இன்னும் ஒதறுது, உடும்மா” என்றார்.

மூன்று மணிக்குப் போலீஸ் வேன் ஒன்று வந்தது. அவரே போய் மறித்துப் பேசி எங்களை ஏற்றிவிட்டார்.

ஊரடங்கு முடிந்து நூலகம் திறந்த அன்று அவர் வந்தார். நான் நன்றி சொல்லத் தடுமாறியபோது கையை ஆட்டித் தடுத்துவிட்டார். பெயரைக் கேட்டேன், சொன்னார். பேப்பரில் வரவேண்டாம் என்றும் சொன்னார். அதனால் இங்கேயும் எழுதவில்லை. பேட்ஜ் அப்போதும் சட்டையில் இருந்தது. நான் அவரிடம் தமிழிலேயே பேசினேன். ஒன்று மட்டும் கேட்டேன்: அந்த நேரத்தில் அப்படி ஒரு பதில் எப்படித் தோன்றியது?

“நேரத்துல தோணல மேடம்” என்றார். “நூத்துப் பதினெட்டாம் பக்கம் பாருங்க.”

எனக்குப் பென்சிலால் கிறுக்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். மேஜை இழுப்பறையில் எப்போதும் அழிரப்பர் வைத்திருப்பேன். அன்று அந்தப் பக்கத்தைத் திறந்தபோதும் பழக்கத்தில் அது என் கையில்தான் இருந்தது.

அந்த நாட்டின் வடக்கில் வளர்ந்த ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதியிருந்த பக்கம். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள் ஆங்கில எட்டாம் எழுத்தை ஹெய்ச் என்பார்களாம். புராட்டஸ்டன்ட் பள்ளியில் படித்தவர்கள் எய்ச் என்பார்களாம். ஒரே தெரு, ஒரே மழை, ஒரே ரொட்டி. ஆனால் அந்த ஒரு எழுத்தைச் சொல்லச் சொல்லி, நீ எந்தக் கோயில்காரன், எந்தக் கட்சிக்காரன் என்று கண்டுபிடித்துவிடலாம். அதையும் மறைக்க முடிந்தால், எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

நின்றபடியே பத்துப் பக்கம் படித்தேன். எந்தத் தெரு என்ற கேள்வி எனக்குப் புதிதா? வேலைக்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்டதும் அதைத்தானே. ஜீவனஹள்ளியில் எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எங்கள் தலையெழுத்து, எங்களுக்கு மட்டும் நடப்பது என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். கடல் தாண்டி, வெள்ளைத்தோல் உள்ளவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கி நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. தனியாக இல்லை என்று தெரிந்ததும் வருகிற அழுகை. செயலாளர் கேட்டாரே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று. எனக்கு இது ஆனது.

ஜன்னல் மேஜைக்காரருக்கு ஆனது அந்தப் பக்கத்து ஓரத்தில் இருந்தது. பென்சிலில், சின்னக் கன்னட எழுத்தில் ஒரே வார்த்தை. நம்மவ்வ. எங்கள் அம்மா.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அவர் ஆலு, அத்து என்று பேசுவதைக் கேட்டுத் தொழிற்சாலையே சிரித்ததாம். இரண்டு வருடம் பாடுபட்டு வாயில் ஹ-வை ஏற்றிக்கொண்டாராம். அம்மா பார்க்க வந்தால் நாலு பேர் முன்னால் பேசவிடாமல் உள்ளே அழைத்துப் போய்விடுவாராம். ஆகஸ்டில் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார். யாரோ ஒரு அயர்லாந்துக்காரரின் எழுத்துக்குப் பக்கத்தில் தன் அம்மா நினைவுக்கு வந்திருக்கிறாள். எழுதி வைத்தார். டிசம்பரில் அவர் சொன்ன பதில் ஆகஸ்டிலேயே தயாராகிவிட்டது.

என் தவறு இல்லாவிட்டால் புத்தகம் அலமாரியில் இருந்திருக்கும், அவரும் படித்துவிட்டு நேரத்தோடு போயிருப்பார், எங்களைக் காப்பாற்ற ஆள் இருந்திருக்காது என்று பிற்பாடு சிலர் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். அது சும்மா பேச்சு. சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்திருந்தால் அந்தப் பக்கம் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். கட்டுகளை நானே அவிழ்த்து அடுக்கினேன். செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் அந்த அலமாரியைப் பற்றிப் பேசவில்லை. அதற்கப்புறம் நூலகத்தில் ஒரு விதி கொண்டுவந்தேன், உட்கார்ந்து படித்த புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர்கள், மேஜையிலேயே விட்டுப்போங்கள், நாங்கள் எண்ணிக்கொள்கிறோம் என்று. நான் ஓய்வு பெற்றதும் அந்த விதியும் ஓய்வு பெற்றுவிட்டதாகத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு மேஜை தெரியாது, நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

பட்டியலில் மற்றதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பிரித்துப் பார்த்து, ஓரங்களையும் பார்த்து, நீங்களே முடிவு செய்யுங்கள். மூன்றாம் பக்கத்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து நூற்றுப் பதினெட்டைத் திறங்கள். உங்களில் கன்னடம் படிக்கத் தெரிந்தவர் மேலே இருக்கும் வார்த்தையைப் படிக்கட்டும். அதற்குக் கீழே தமிழில் இன்னொரு வார்த்தை இருக்கும். அதுவும் பென்சில்தான். புத்தகத்தில் எழுதியதற்காக எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்த கை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை எழுதியது. அழிரப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுதிய அந்த வார்த்தை:

அஞ்சலை.